செஞ்சிக்கு ஒரு நாள் பயணம்: கோட்டை மட்டும் போதுமா?

#1 மொட்டைமாடி

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து செஞ்சி போகலாம் என்று இருக்கிறோம். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், அப்பா. அப்பாவுக்கு முழங்கால் வலி, மலை ஏறவே முடியாது. ஆனால் சின்ன வயதில் தேசிங்கு ராஜன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர். "நீங்க ஏறிட்டு வாங்க, நான் கீழே உட்கார்ந்திருக்கேன்" என்கிறார். நாள் முழுக்க அவரை மரத்தடியில் உட்கார வைக்க மனசில்லை.

கீழே அவர் பார்க்க ஏதாவது இருக்கிறதா? கோட்டை தவிர சுற்றுவட்டாரத்தில் வேறு என்ன பார்க்கலாம்? அப்புறம் அந்தத் தேசிங்கு கதையில் எவ்வளவு நிஜம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வராகநதி

நான் உள்ளூர்க்காரன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இன்றைய செஞ்சி ஊர் கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனால் அந்தச் சாலையே கோட்டைச் சுவரை அறுத்துக்கொண்டு உள்ளே நுழையும். வலது பக்கம், அதாவது வடக்கே, கிருஷ்ணகிரி. இடது பக்கம் உள்ளே தள்ளி ராஜகிரி. தென்கிழக்கில் சந்திராயன் துர்க்கம். இந்த மூன்று மலைகளையும் சேர்த்து வளைத்த சுவர் சுமார் 13 கிலோமீட்டர். அதனால் 'கோட்டையைப் பார்த்துவிட்டேன்' என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் ராஜகிரி அடிவாரத்தை மட்டும் பார்த்தவர்கள்.

அப்பாவை மரத்தடியில் உட்கார வைக்கத் தேவையே இல்லை. ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் உள்கோட்டை சமதரை. கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் மெதுவாக நடந்தே பார்க்கலாம். கல்யாண மகால் என்பது சதுரமான முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், நடுப்பக்கத்தில் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பாக முடியும் ஒரு மாடம். மேல் மாடி வரைக்கும் மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் போனால் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். சுவர் அவ்வளவு கனம். உள்ளே நின்று பேசினால் குரல் சுற்றிச் சுற்றி வரும். உங்கள் மகளுக்கு அது பிடிக்கும்.

ராஜகிரி ஏறுவதானால் காலையில் கதவு திறந்ததும் ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் மேலே விட மாட்டார்கள். உயரம் சுமார் 800 அடி. படிகள் ஒரே அளவில் இருக்காது, சிலது முழங்கால் உயரம். மேலே கடை கிடையாது, குடிதண்ணீரை நம்பாதீர்கள். ஆளுக்கு இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று தெரியும். முதுகுப்பையில் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம் இருக்கும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அந்தப் பலகையை இழுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. அதில் நின்று கீழே பார்த்தால்தான் இந்த இடத்துக்காக ஏன் இத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்று புரியும். உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி.

தேசிங்கு கதையை வேறு யாராவது எழுதுங்கள். நான் எழுதினால் சண்டை வரும்.

#3 செருப்பில்லா_நடை

குழந்தையோடு போகிறீர்கள் என்றால் என் ஓட்டு கிருஷ்ணகிரிக்கு. ராஜகிரியை விட உயரம் குறைவு, கூட்டமும் இல்லை. மேலே கும்மட்டம் வைத்த தர்பார் மண்டபம் ஒன்று உண்டு, காற்று பிய்த்துக்கொண்டு போகும். எண்ணெய்க் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். முற்றுகை வந்தால் விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெயைத் தொட்டியில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். தண்ணீர், நெல், எண்ணெய், வெடிமருந்து. இவ்வளவு இருந்தால் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

#4 கோன்கோட்டை

எல்லாம் சரி. ஆனால் யுனெஸ்கோ பட்டியலில் இது எந்தப் பெயரில் இருக்கிறது என்று கவனித்தீர்களா? 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்'. 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. மராட்டியர் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை, வெறும் 21 வருடம். கட்டியது யார்? 12, 13ஆம் நூற்றாண்டில் ஆனந்தக் கோன் கட்டினார் என்று உள்ளூர் வரலாறு சொல்கிறது. அதற்கப்புறம் நாயக்கர்கள். வீடு கட்டியவன் பெயரை விட்டுவிட்டு நடுவில் வாடகைக்கு இருந்தவன் பெயரில் பட்டா போட்ட மாதிரி இருக்கிறது.

#5 தேடல்1714

@கோன்கோட்டை, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 'வெறும் 21 வருடம்' என்று தள்ளிவிட முடியாத 21 வருடம் அது.

1677இல் சிவாஜி பீஜப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். பிடித்ததும் சும்மா இருக்கவில்லை. பல இடங்களில் சுவரைத் தடிமனாக்கினார்கள், அகழியைத் தோண்டினார்கள். இன்று நாம் பார்க்கும் வெளிச்சுவரில் அவர்கள் கை நிறையவே இருக்கிறது. சிவாஜி 1680இல் இறந்தார். 1689இல் ஒளரங்கசீப் சம்பாஜியைப் பிடித்துக் கொன்றுவிட்டார், ராய்கட் தலைநகரமும் போய்விட்டது. அப்போது சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் நம் செஞ்சிதான். அதன் பிறகு மராட்டிய அரசின் தலைநகரம் இதுதான். மகாராஷ்டிரத்துக்கான உத்தரவுகள் விழுப்புரம் மாவட்டத்து மலை ஒன்றிலிருந்து போயின என்றால் யோசித்துப் பாருங்கள்.

முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு வருடம்! மூன்று மலைகளைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு முகலாயரிடம் ஆள் இல்லை, ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் அரிசி உள்ளே போனது. தஞ்சாவூர் மராட்டியரும் உதவினார்கள். நடுவில் ஒளரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் இங்கே வந்து, எதிரிகளோடு ரகசியமாகப் பேசுகிறார் என்ற சந்தேகத்தில் அவரையே சுல்ஃபிகர் கானும் அவர் அப்பா அசத் கானும் பிடித்து வைத்தார்கள். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் படையோடு வந்து அடித்த அடியில் முற்றுகையையே விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. சுல்ஃபிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்றும் அப்போதே பேச்சு இருந்தது. ஒளரங்கசீப் செத்தால் தெற்கில் தனி அரசு போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாராம். கடைசியில் கோட்டை விழுவதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார்.

கடலூருக்கும் இதில் பங்கு உண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் வாங்கியது இந்த ராஜாராமிடம்தான். எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். செஞ்சியில் பணமுடை, கடலூரில் குண்டு விழுந்தது.

#6 கோன்கோட்டை

@தேடல்1714, அருமையாக எழுதியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் போர்க்கதை. நகரம் எங்கே? 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் இங்கே வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைப் பார்த்தார். இந்தியாவில் தான் பார்த்த நகரங்களிலேயே பெரியது இது, போர்ச்சுகலிலும் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய ஊர் இல்லை என்று எழுதி வைத்தார். லிஸ்பனோடு ஒப்பிடப்பட்ட ஊர் இன்று ஒரு பேரூராட்சி. களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் நாயக்கர் காலத்து வேலை. சிதம்பரத்திலும் வேறு ஊர்களிலும் திருப்பணி செய்தவர்கள் அவர்கள். பட்டியலின் தலைப்பில் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான் என் வருத்தம்.

#7 பனைமலை

இரண்டு பேருக்கும் நடுவில் நுழைகிறேன். தொடர் பட்டியல் என்று வந்துவிட்டால் பல இடங்களைக் கோர்க்க ஒரு நூல் வேண்டும். அந்த நூல் மராட்டியர். செஞ்சியைத் தனியாக அனுப்பியிருந்தால் 'செஞ்சிக் கோட்டை' என்றே போயிருக்கும், ஆனால் இன்னும் எத்தனை வருடம் வரிசையில் நின்றிருக்குமோ தெரியாது. என்னைக் கேட்டால் தலைப்பை விட முக்கியம் உள்ளே வைக்கும் பலகை. கோன், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் தமிழில் தெளிவாக எழுதி வைத்தால் யாரும் யாரையும் மறைக்க முடியாது. பலகையோடு கழிப்பறையும் சேர்த்துக் கேட்க வேண்டும். போன முறை என் தங்கை பட்ட பாடு...

#8 புதுவைக்காரன்

பிரெஞ்சுக்காரர் என்றதும் ஞாபகம் வந்தது. 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இந்தக் கோட்டையைப் பிடித்தார். முகலாயருக்கு எட்டு வருடம் பிடித்த வேலை! கோட்டை பலம்தான், உள்ளே காவலுக்கு ஆள் ஒழுங்காக இருந்தால். 1761இல் புதுச்சேரி விழுந்ததும் இதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கிழக்குப் பக்கம் புதுச்சேரி வாசல் என்று ஒன்று இருக்கிறது, எங்கள் ஊரைப் பார்த்த வாசல். சுற்றுலாக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

இன்னொன்று. வெங்கடரமணர் கோயிலுக்குப் போனால் எவ்வளவு பெரிய கோயில், ஏன் மண்டபங்கள் மொட்டையாக இருக்கின்றன என்று தோன்றும். அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து எடுத்துப்போன ஒற்றைக்கல் தூண்கள்தான் எங்கள் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. தினமும் ஆயிரம் பேர் அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எந்த ஊர்த் தூண் என்று கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம்.

#9 கோன்கோட்டை

@புதுவைக்காரன், திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வண்டி வாடகை நான் தருகிறேன் 😄

#10 புதுவைக்காரன்

காந்தித் தாத்தாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

#11 தேடல்1714

யாரும் தேசிங்கைத் தொடவில்லை. @மொட்டைமாடி அப்பாவுக்காக நானே எழுதுகிறேன்.

ஆவணத்தில் இருப்பது இவ்வளவுதான். முகலாயர் செஞ்சியைப் பிடித்த பிறகு புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங் என்பவரைக் கோட்டைத் தலைவராக வைத்தார்கள். அவர் 1714இல் இறந்தார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கட்ட வேண்டிய பணம் பல வருடப் பாக்கி. மகன் தேஜ் சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். பாக்கியைக் கட்ட மறுத்தார். நவாப் படையோடு வந்தார். அதே 1714 அக்டோபரில் தேஜ் சிங் சண்டையில் செத்தார். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. இந்தத் தேஜ் சிங்தான் நம் வாயில் தேசிங்கு.

மற்றதெல்லாம் கதைப்பாடல் கொடுத்தது. டில்லியில் யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை அடக்கியது, உயிர் நண்பன் மோவுத்துக்காரன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்தது, ரங்கநாதர் தடுத்தது எல்லாம். ஆனால் கதையில் மோவுத்துக்காரன் என்று வரும் மகபத் கான் என்ற முஸ்லிம் நண்பன் அவனுக்காகச் சண்டையிட்டுச் செத்தது ஊர் நம்பும் செய்தி. ஒரு ராஜபுத்திரன், ஒரு முஸ்லிம், இருவரும் ஒரு முஸ்லிம் நவாபின் படையை எதிர்த்துச் சாகிறார்கள், அதைத் தமிழ்க் கூத்துக்காரர்கள் முந்நூறு வருடமாக ஆடுகிறார்கள். இதில் யார் சொந்தம், யார் அந்நியம் என்று கேட்டால் கூத்துப் பார்க்கிற ஜனம் சிரிக்கும்.

நவாப் ஜெயித்ததற்கு அடையாளமும் உள்ளேயே இருக்கிறது. சாதத்துல்லா கான் மசூதி, 1717-18இல் கட்டியது, பாரசீகக் கல்வெட்டோடு. உங்கள் அப்பா நடந்தே போகலாம்.

#12 அகல்விளக்கு

கூத்தில் தேசிங்கு குதிரை ஏறினால் விசில் பறக்கும். ராணி தீப்பாயும் இடத்தில் எங்கள் ஆயா எழுந்து வெளியே போய்விடுவார். "பணப்பாக்கிக்கு ஆம்பளை செத்தான், இந்தப் பொண்ணு என்ன பாக்கி வெச்சா?" என்பார். அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். செட்டிகுளக் கரையில்தான் தேசிங்கை எரித்தார்கள் என்று காட்டுவார்கள். கைடுகள் குதிரையைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், அவளைப் பற்றி ஒரு வரி.

#13 வராகநதி

@தேடல்1714, சண்டை வராமல் சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஒன்று சேர்க்கிறேன். ரங்கநாதர் தடுத்தார் என்றீர்களே, அந்த ரங்கநாதர் இருப்பது சிங்கவரத்தில், ஊருக்கு வடக்கே நான்கைந்து கிலோமீட்டரில். மலையைக் குடைந்த பல்லவர் குகைக்கோயில். போருக்குப் போக உத்தரவு கேட்ட தேசிங்கிடம் வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதனால்தான் தலை இன்றும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று அர்ச்சகர் விளக்கைக் காட்டிச் சொல்வார். சிலை தேசிங்குக்கு ஆயிரம் வருடம் முந்தியது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருந்தாலும் அந்த இருட்டுக் குகையில் கற்பூர வெளிச்சத்தில் பார்க்கும்போது நம்பத்தான் தோன்றும். உங்கள் அப்பா கேட்டதே இதுதானே. படிகள் உண்டு, ராஜகிரி அளவுக்கு இல்லை. மெதுவாகக் கைப்பிடித்து ஏற்றிவிடலாமா என்று அங்கே போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

#14 மேல்சித்தாமூர்_மருமகள்

இழை ஆரம்பித்ததிலிருந்து ராஜாக்கள், நவாபுகள், பீரங்கிகள். சிங்கவரம் வரை வந்துவிட்டு அடுத்த பாறையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே சார்!

சிங்கவரத்துக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறையின் முகத்தில் சமணர்கள் வணங்கும் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவு, ஒரே தியானம். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக எழுந்து தெரியும், உச்சி வெயிலில் பாறை தட்டையாகிவிடும். ஆகவே நேரம் பார்த்துப் போங்கள்.

அந்தக் குன்றில் ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட இடம் என்று சொல்கிறது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள். 'ஐ' என்ற எழுத்து கல்வெட்டில் முதலில் தென்படுவது இதில்தான் என்று தமிழ் வாத்தியார்கள் சொல்வார்கள். 'ஐம்பத்தேழு' என்று ஆரம்பிக்கிறது, அதனால். இளையபட்டாரர் என்ற இன்னொரு துறவி முப்பது நாள் நோன்பிருந்து இறந்ததும் அங்கேயே பிற்காலக் கல்வெட்டாக இருக்கிறது. கோட்டையில் முதல் கல் வைப்பதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இந்த ஊர்ப் பக்கம் ஆட்கள் வந்து, உயிரை விடுவதற்கென்றே இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் மேல்சித்தாமூர் செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனம் போகும் வழியில் உள்ளே திரும்ப வேண்டும். தமிழ்ச் சமணர்களின் மடம் அங்கேதான், ஜினகாஞ்சி மடம். பார்சுவநாதர் கோயில் பெரியது, கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். மலைநாதர் கோயில் அதற்கும் பழையது. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கம் நயினார் என்று பெயருக்குப் பின்னால் போட்டிருந்தால் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். நெல் விவசாயம்தான் தொழில். வடநாட்டுச் சமணர்கள் என்று நினைத்து இந்தியில் பேச ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மாமியார் ஐந்தரைக்கே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார், அதற்கப்புறம் வரும் விருந்தாளிக்கு மோர்கூடத் தர யோசிப்பார்.

#15 கோன்கோட்டை

அக்கா, செஞ்சி நாயக்கருக்கும் சமணர்களுக்கும் ஏதோ தகராறு என்று ஒரு கதை உண்டே?

#16 மேல்சித்தாமூர்_மருமகள்

உண்டு தம்பி. நாயக்கர்களைப் பற்றி நீங்கள் அவ்வளவு உருகியதால் சொல்லாமல் இருந்தேன் 🙂

எங்கள் வீடுகளில் சொல்லும் கதை இது. செஞ்சி நாயக்கர் ஒருவர் எல்லாச் சாதியிலும் ஒரு பெண் கேட்டாராம். சமணர்கள் பெண் தருவதாகச் சொல்லி ஒரு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை வந்து பார்த்தால் வீடு காலி, பந்தல் காலில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. அவமானத்தில் சமணர்களைத் தேடித் தேடி வெட்டினார் என்று கதை. பயந்து பலர் நெற்றியில் நீறு பூசிச் சைவராகிவிட்டார்கள். நீறுபூசி வேளாளர் என்று திண்டிவனம் பக்கம் ஒரு பிரிவே இருந்ததாகப் பழைய மாவட்டக் கெசட்டியரிலும் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் வீரசேனாசாரியார் என்பவர் மறுபடி எல்லோரையும் சேர்த்தார் என்று முடியும். பாட்டி சொன்ன கதை, கல்வெட்டு இல்லை. ஆனால் நீங்கள் களஞ்சியத்தைப் பார்த்துப் பெருமைப்படும்போது எங்கள் பாட்டிமாருக்கு வேறொன்று ஞாபகம் வரும்.

#17 கோன்கோட்டை

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பலகை வைக்கச் சொன்னாரே பனைமலை, அதில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

#18 பனைமலை

வைத்தால் நல்லது. வைக்க மாட்டார்கள்.

@மொட்டைமாடி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திரும்பும்போது அதே திண்டிவனம் வழியாக வராமல் விழுப்புரம் பக்கம் இறங்கினால் மண்டகப்பட்டு வரும். சாலையோரம் ஒரு பாறை, குடைந்த சின்ன மண்டபம், வாசலில் இரண்டு துவாரபாலகர்கள். இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம், அப்பாவும் ஏறலாம். அங்கே விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட பல்லவ அரசன் மகேந்திரவர்மன் வெட்டி வைத்த கல்வெட்டு, 'செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை எடுத்தான்' என்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். தமிழ்நாட்டில் கல்லைக் கோயிலாக்கும் பைத்தியம் ஆரம்பித்த இடங்களில் இது முக்கியமானது. 'இது இல்லாமல், அது இல்லாமல்' என்று அந்த மனிதர் எவ்வளவு குஷியாகப் பட்டியல் போடுகிறார் பாருங்கள்!

பக்கத்திலேயே தளவானூர் குகை. நேரம் இருந்தால் பனைமலை, ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். பக்கவாட்டுச் சிற்றறையில் பார்வதி ஓவியம், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்பாள், தலைக்கு மேல் குடை. வண்ணம் நிறையப் போய்விட்டது, கோடு மட்டும் மிச்சம். அந்தக் கோட்டுக்காகவே நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்.

பாறை ஓவியம் பிடிக்கும் என்றால் செத்தவரை, கீழ்வாலை இரண்டும் இந்தச் சுற்றில்தான். கீழ்வாலையில் செங்காவி உருவங்கள். ஆனால் ஒரு நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள், எதுவும் மனசில் நிற்காது.

#19 செருப்பில்லா_நடை

செத்தவரைக்கு உள்ளூர் ஆள் துணை இல்லாமல் போக வேண்டாம். மேப் காட்டும் வழி வயலில் போய் முடியும். பாறையில் பெயர் எழுதும் கூட்டம் அங்கேயும் வந்துவிட்டது, ஓவியத்துக்குப் பக்கத்திலேயே இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கிறார்கள்.

#20 மொட்டைமாடி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் சிங்கவரம் விஷயத்தைப் படித்துக் காட்டினேன், "அங்கே முதலில் போகலாம்" என்கிறார். இப்போது என் திட்டம்: விடிகாலை கிளம்பி, காலையில் கோட்டை (அப்பா உள்கோட்டை, நாங்கள் கிருஷ்ணகிரி), பிறகு சிங்கவரம், திருநாதர்குன்று, திரும்பும்போது மண்டகப்பட்டு. சரிவருமா? கார் வேண்டாம், பஸ்ஸில் வரலாமா? சாப்பாடு எங்கே?

#21 வராகநதி

பஸ் தாராளமாக இருக்கிறது. கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வண்டிகளில் திண்டிவனம் வழியாகப் போவதெல்லாம் செஞ்சியில் நிற்கும். ரயிலை மட்டும் கேட்காதீர்கள். திண்டிவனம் திருவண்ணாமலை ரயில் பாதை என்று அறிவித்தபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள். ஆனால் கோட்டை, சிங்கவரம், மண்டகப்பட்டு மூன்றையும் பஸ்ஸில் ஒரே நாளில் முடிக்க முடியாது, அதுவும் அப்பாவோடு. பஸ்ஸில் வந்தால் செஞ்சியில் ஒரு ஆட்டோவை நாள் கணக்குக்குப் பேசிக்கொண்டு மண்டகப்பட்டை விட்டுவிடுங்கள். கார் என்றால் உங்கள் திட்டம் சரிவரும். ஒரே மாற்றம், திருநாதர்குன்றை முதலில் வையுங்கள். அக்கா சொன்ன வெயில் கணக்கு சரியானது. குன்றும் சிங்கவரமும் காலையில் முடிந்தால், கோட்டைக்குப் பத்து மணிக்குள் வந்துவிடலாம். கிருஷ்ணகிரிக்கு அது போதும், ராஜகிரிக்குப் போதாது.

தேதி பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசையாக இருந்தால் வேண்டவே வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் முழுக்க எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது, சாலையில் வண்டி நகராது.

சாப்பாட்டுக்குப் பெரிய ஹோட்டலைத் தேடாதீர்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மெஸ்கள் இருக்கின்றன. கூட்டமாக இருப்பதில் உட்காருங்கள். அறுவடைக் காலத்தில் வந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். நெல் வரத்தில் தமிழ்நாட்டிலேயே பெரிய கூடங்களில் ஒன்று. லாரியும் டிராக்டரும் சாலை வரை வரிசை கட்டும், நெல் தூசி மூக்கை அடைக்கும். நாயக்கர் களஞ்சியத்தைப் பார்த்த மகளுக்கு, அந்தக் களஞ்சியத்துக்கு நெல் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று அங்கே காட்டலாம்.

#22 மேல்சித்தாமூர்_மருமகள்

மேல்சித்தாமூரை யாருமே திட்டத்தில் சேர்க்கவில்லை, கவனித்தேன். கோயிலுக்குள் தோல் பெல்ட், தோல் பர்ஸ் கொண்டுபோகாதீர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். வருவதென்றால் இங்கே ஒரு வரி போடுங்கள், சாவி யாரிடம் இருக்கும் என்று விசாரித்துச் சொல்கிறேன். சாப்பிட வருவதாக இருந்தால் ஐந்தரைக்குள் வாருங்கள்.